பரணிலிருந்து இறங்கிய ரம்பத்துக்கு என்ன வயது?

கேள்வி: நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கோணிப்பையில் சுற்றிய கை ரம்பம் ஒன்று கிடைத்தது. தாத்தாவுடையது. அவர் 1938-இல் ரயில் பெட்டி கட்டும் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் தச்சராகச் சேர்ந்தவர், இப்போது இல்லை. தகடு 26 அங்குல நீளம், முழுக்கத் துரு. மரக் கைப்பிடியில் இருக்கும் பித்தளை வில்லையில் டிஸ்டன், பிலா, யு.எஸ்.ஏ. என்று படிக்க முடிகிறது. கைப்பிடியின் பக்கவாட்டில் எம்.எஸ்.எம்.ஆர். என்று நான்கு எழுத்து, எங்கள் குடும்பத்தில் அந்த இனிஷியலில் யாரும் கிடையாது. தகட்டில் கைப்பிடியை ஒட்டிக் கீழே 8 என்று குத்தியிருக்கிறது. தகட்டின் நடுவில் வரிசையாக மூன்று வட்டக் கறை, கம்பெனி முத்திரையோ? கம்பெனி 1840-இல் ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்த என் தம்பி, இது 180 வருஷப் பழசு, 25,000 ரூபாய்க்குப் போகும் என்கிறான். பழைய இரும்புக்காரர் 300 தருகிறேன் என்றார். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று தம்பி சொல்கிறான், செய்யலாமா? மாமா வீட்டில் இன்னொரு ரம்பம் இருக்கிறது, அதில் வாரன்டெட் சுப்பீரியர் என்று மட்டும் போட்டிருக்கிறது. அது எந்தக் கம்பெனி?

பதில்:

முதலில் அந்த கிரைண்டரை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

சும்மா பயமுறுத்தவில்லை. மூலக்கொத்தளம் பக்கம் நான் ரம்பம் தீட்டும் கடை போட்ட புதிதில், காசிமேட்டில் படகு கட்டும் ஒருவர் தன் அப்பாவின் ரம்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கனமான தகடு, கருப்பேறிக் கிடந்தது. எனக்கு அப்போது புதுசாக வாங்கிய கிரைண்டர் மேல் அவ்வளவு ஆசை. பத்து நிமிஷத்தில் வெள்ளித் தட்டு மாதிரி ஆக்கிவிட்டேன். மறுநாள் அவர் வந்து பார்த்து, "இங்க நடுவுல கம்பெனி பேரு எழுதியிருக்குமே, எங்க?" என்று கேட்டார். எங்கே இருக்கும், பிரஷ்ஷோடு பறந்து போயிருந்தது. தகட்டின் நடுவில் அமிலத்தால் அரித்து எழுதும் அந்த எழுத்துக்கு ஆழம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாது. அந்த ரம்பத்தைச் செய்தது யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குற்றம் என்னுடையது, கூலிகூட வாங்கவில்லை.

சரி, வயதுக்கு வருவோம். உங்கள் தம்பி செய்திருப்பது எல்லாரும் செய்கிற தப்புதான். கம்பெனி பிறந்த வருஷத்தை ரம்பம் பிறந்த வருஷமாக எடுத்துக்கொண்டார். ஹென்றி டிஸ்டன் இங்கிலாந்தில் பிறந்து, 1833-இல் பையனாக அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் போய், ரம்பப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு 1840-இல் சொந்தமாக ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கம்பெனி குடும்பத்தின் கையில் 1955 வரை ஓடியது. அதற்குள் எத்தனை லட்சம் ரம்பம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் உங்களுடையது எது என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. பூட்டிய உண்டியல் ஒன்றைத் திறக்கிறீர்கள், உள்ளே 1912-ஆம் வருஷக் காசும் இருக்கிறது, 1962-ஆம் வருஷக் காசும் இருக்கிறது. கடைசிக் காசு விழுந்தது 1962-க்கு முன்னால் இருக்கவே முடியாது, இல்லையா? ரம்பமும் அப்படித்தான். அதில் இருக்கிற அடையாளங்களிலேயே எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எது பழசாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுவதற்குத்தான் எல்லாருக்கும் ஆசை. பழைய சாமான் விற்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிக ஆசை.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகலாம்.

தகட்டின் முதுகைப் பாருங்கள். பல் இல்லாத மேல் விளிம்பு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இல்லாமல், நடுவில் லேசாக உள்வாங்கி வளைந்து போகிறது. இந்த வளைந்த முதுகுக்கு டிஸ்டன் காப்புரிமை வாங்கியது 1874-இல். தகட்டின் எடை குறையும், கை சீக்கிரம் சோராது. அவர்களுடைய பேர்போன டி-8 என்ற ரம்பம் இந்த வடிவம்தான். ஆக 1840 என்ற பேச்சு இங்கேயே முடிந்தது, ஒரே பார்வையில் 34 வருஷம் போய்விட்டது. தம்பியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது திருகுகள். ஆரம்பகால ரம்பங்களில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் பித்தளை மரைகள் மரத்தோடு சமமாகப் பதிந்து, தலை முழுக்கக் குறுக்கே ஒரு வெட்டோடு இருக்கும். அதைக் கழற்றவே நடுவில் பிளவுபட்ட தனி திருப்புளி வேண்டும். உங்களுடையதில் தலைகள் உளுந்து வடையைக் கவிழ்த்த மாதிரி மேடாக உருண்டிருக்கின்றன. இந்த வகைக்கான காப்புரிமைத் தேதி 1887 டிசம்பர் 27. சில டிஸ்டன் ரம்பங்களில் அந்தத் தேதியே திருகில் பொறித்திருக்கும், சிலர் அதைப் பார்த்துவிட்டு "ரம்பம் 1887-இல் செய்தது" என்று விளம்பரம் போடுவார்கள். காப்புரிமை வாங்கிய தேதி அது, செய்த தேதி இல்லை. மருந்துப் பாட்டிலில் கம்பெனி தொடங்கிய வருஷத்தைப் பார்த்துவிட்டு மருந்து காலாவதி என்று தூக்கிப் போடுவோமா?

வில்லை. டிஸ்டன் ரம்பத்துக்கு வயது பார்க்கிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் இதுதான். மூத்த மகன் தொழிலில் சேர்ந்தபோது, 1865-இலிருந்து, "டிஸ்டன் அண்ட் சன்" என்று ஒருமையில் போட்டார்கள். 1871-இல் அடுத்த மகனும் சேர்ந்ததும் "சன்ஸ்" ஆகிவிட்டது. அந்த ஒரே ஒரு எழுத்துக்காக இன்று சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு அலைகிறார்கள், ஏனென்றால் ஒருமையில் இருந்தால் ஆறே வருஷ இடைவெளிக்குள் அடைத்துவிடலாம். உங்கள் வில்லையில் யு.எஸ்.ஏ. என்று தெளிவாக இருக்கிறது. அது வில்லையில் ஏறியது முதல் உலகப் போர் சமயத்தில், 1917 வாக்கில். சரி, இன்னும் ஒரு முப்பது வருஷம் கழிந்தது.

ஆனால் வில்லையை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு திருகுதான். ஒரு ரம்பத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் போட இரண்டு நிமிஷம் ஆகாது. கைப்பிடி உடைந்தால் வேறு ரம்பத்தின் கைப்பிடியை மாட்டிக்கொள்வது நம் ஊர் ஆசாரிகளிடம் சர்வசாதாரணம். அதனால் கைப்பிடி, வில்லை, தகடு மூன்றும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மூன்றாவது படத்தில் ஒரு திருகு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருக்கிறது, இரும்பு போல்ட்டும் சதுர மரையும். அது பிலடெல்பியாவிலிருந்து வந்ததில்லை, ஒர்க்ஷாப்பில் கையில் அகப்பட்டதைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அதை மாற்றாதீர்கள். கைப்பிடி மட்டும் தகட்டின் சொந்தக் கைப்பிடிதான் என்று நினைக்கிறேன், தகட்டில் தேவையில்லாத பழைய ஓட்டை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை, மரத்தின் விளிம்புக்கு வெளியே வேறு கைப்பிடி உட்கார்ந்திருந்த நிழலும் தெரியவில்லை. கைப்பிடியைக் கழற்றினால் உறுதியாகத் தெரியும், ஆனால் அதற்காகக் கழற்ற வேண்டாம். இத்தனை வருஷம் இறுகிய பித்தளை, திருப்புளி சரியாகப் பொருந்தாவிட்டால் தலை நசுங்கிவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். தகட்டின் முதுகில், நுனிக்குக் கொஞ்சம் முன்னால், பழைய ரம்பங்களில் ஒரு சின்ன பரு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மரத்தில் முதல் கோடு கீற என்பார்கள், பல்லுக்கு உறை கட்டும் கயிறு நழுவாமல் இருக்க என்பார்கள், எங்கள் வாத்தியார் "அது கல்யாணப் பொண்ணு மூக்குத்தி" என்பார். டிஸ்டன் கம்பெனியே தன் கையேட்டில், அதற்கு ஒரு உபயோகமும் இல்லை, வெறும் அழகுக்கு என்று எழுதி வைத்துவிட்டது. வாத்தியார் சொன்னதுதான் சரி. விஷயம் என்னவென்றால், 1928-இல் டிஸ்டன் தன் ரம்ப வகைகளை மொத்தமாக மாற்றி அமைத்தபோது இந்தப் பருவை எடுத்துவிட்டது. உங்கள் ரம்பத்தில் பரு இல்லை. உடைந்து போயிருக்குமோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உடைந்திருந்தால் அந்த இடத்தில் வடு இருக்கும், முதுகுக் கோடு வழுவழுவென்று தொடர்கிறது. நுனியை யாராவது வெட்டி எடுத்திருந்தால் நீளம் குறைந்திருக்கும், உங்களுடையது 26 அங்குலம் முழுசாக இருக்கிறது. ஆக, 1928-க்குப் பிந்தியது.

இதோடு ஒரு பக்கக் கரை கிடைத்துவிட்டது. இன்னொரு கரையை அமெரிக்காவில் தேட வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து பெரம்பூருக்குப் போகிற தூரம்தான்.

எம்.எஸ்.எம்.ஆர். அது யாருடைய இனிஷியலும் இல்லை அம்மா. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. ராயபுரத்திலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வேயும், அந்தப் பக்கத்து சதர்ன் மராட்டா ரயில்வேயும் 1908-இல் ஒன்றானபோது வந்த பெயர். சென்ட்ரல் பக்கத்தில் இன்று தெற்கு ரயில்வே தலைமையகமாக இருக்கிறதே அந்தப் பெரிய கட்டடம், 1922-இல் முடிந்தது, அது இவர்கள் கட்டியதுதான். 1951 ஏப்ரல் 14 அன்று இந்தக் கம்பெனி, சவுத் இந்தியன் ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். அதற்கப்புறம் வாங்கிய சாமானில் எம்.எஸ்.எம். என்று குத்த ஆள் இல்லை.

எனவே கணக்கு: 1928-க்குப் பின், 1951-க்கு முன். தாத்தா சேர்ந்தது 1938. அவர் சேர்ந்தபோதே ஸ்டோரில் பழசாக இருந்த ரம்பத்தைக் கொடுத்திருக்கலாம், அல்லது அவருக்குப் பிறகு வந்த புதுசாக இருக்கலாம், அதற்கு மேல் இரும்பு சொல்லாது. குறைந்தது 75 வயசு, அதிகம் போனால் 100-ஐ எட்டிப்பிடிக்கிற வயசு. 180 இல்லை.

அமெரிக்க ரம்பம் வெள்ளைக்காரன் ரயில்வேக்கு எப்படி என்று கேட்கலாம். பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சரக்குதான் இங்கே வந்தது, என் கடைக்கு வரும் ரயில்வே ரம்பங்களும் முக்கால்வாசி அதுதான். ஆனால் டிஸ்டன் உலகம் முழுக்க விற்ற கம்பெனி. பெரம்பூர் மாதிரி இடத்துக்கு நல்ல ரம்பம் எவ்வளவு வந்தாலும் போதாது. இன்றைக்கு ரயில் பெட்டி என்றால் இரும்புதான் நம் கண்ணில் வருகிறது, ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அது. அதற்கு முன் பெட்டி என்பது இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய மர வீடு. தூண், கூரை, சீட்டு, ஜன்னல் பலகை, கதவு எல்லாம் தேக்கு. கேரேஜ் ஒர்க்ஸில் தச்சர் என்றால் சில்லறை வேலைக்கு வைத்த ஆள் இல்லை, பெட்டியைக் கட்டுகிறவரே அவர்தான்.

ரயில்வே சாமான் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் ரொம்பத் துருவ வேண்டாம். இனி உதவாது என்று கண்டம் பண்ணிய சாமானை ஏலம் விடுவார்கள், அதில் வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம்.

8 என்பது டி-8 என்ற மாடலின் 8 என்று நினைத்திருப்பீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாடல் எண்ணை நடுவில் அமில எழுத்தில் போடுவார்கள். அடியில் குத்தியிருப்பது பல்லின் கணக்கு, அங்குலத்துக்கு எத்தனை பல் முனை என்று. ஒரு பல்லின் முனையில் ஸ்கேலை வைத்து ஒரு அங்குலம் எண்ணுங்கள், இரண்டு ஓரத்து முனைகளையும் சேர்த்தால் எட்டு வர வேண்டும், நடுவில் முழுப் பல்லாக எண்ணினால் ஏழுதான் வரும், குழம்ப வேண்டாம். எட்டு வந்தால் ஃபாக்டரியில் போட்ட கணக்கு மாறவில்லை. எட்டு என்பது மரத்தைக் குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்கு வழக்கமான அளவு. நீளவாக்கில் பிளக்கும் ரம்பத்துக்குப் பல் பெரிசாக இருக்கும், ஐந்தரை மாதிரி, அரை கூட உண்டு.

அந்த எட்டை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். புதுசில் எண்ணுக்கும் பல்லுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள். உங்கள் படத்தில் எட்டின் கால் பல்லின் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முறை முக்கோண அரம் போடும்போதும் தகடு இம்மி இம்மியாகக் குறைந்து, பல் வரிசை மேலே ஏறி வந்திருக்கிறது. அப்படியும் பல் வரிசை கைப்பிடியிலிருந்து நுனி வரை ஒரே நேர்கோடு. அவசரக்காரர்கள் அரம் போட்டால் அதிகம் மழுங்குகிற நடுப்பகுதியிலேயே அரத்தையும் அழுத்தி, கடைசியில் ரம்பத்தின் வயிறு படகு கவிழ்ந்த மாதிரி உள்ளே போய்விடும், வாரத்துக்கு இரண்டாவது அப்படி என் கடைக்கு வரும். உங்கள் தாத்தா முழு நீளத்துக்கும் முதலில் தட்டை அரத்தை ஓட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் முக்கோண அரத்தை எடுத்திருக்கிறார், தடவைக்குத் தடவை. நல்ல கை.

மூன்று வட்டக் கறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்கணும். உலகத்தில் எந்த ரம்பக் கம்பெனிக்கும் அப்படி முத்திரை கிடையாது. ஒரு கட்டைவிரல் அளவு, மூன்றும் சம இடைவெளி, நடுவில் கொஞ்சம் ஆழமான புள்ளி. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ஆயுத பூஜைக்கு ரம்பத்தில் பொட்டு எங்கே வைப்பார்கள் என்று. ஈரச் சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமம் வைத்து அப்படியே விட்டால், சந்தனம் காய்கிற வரை அதன் ஈரம் இரும்பைத் தின்னும். ஒரு வருஷம் வைத்ததால் வந்த கறை இல்லை இது, வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பொரி வாங்கவே நாங்கள் சின்ன வயசில் ஒர்க்ஷாப் வாசலில் நிற்போம். அது போகாது, குழி விழுந்துவிட்டது. போக்கவும் முயற்சி பண்ண வேண்டாம். இனிமேல் வைப்பதானால் கைப்பிடி மரத்தில் வையுங்கள், மறுநாள் துடைத்துவிடுங்கள்.

சரி, சுத்தம் செய்வது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கடல் காற்று, துரு தானாக நிற்காது, அதனால் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும், முறையாகச் செய்ய வேண்டும் அவ்வளவுதான். முதலில் அமில எழுத்து மிச்சம் இருக்கிறதா பாருங்கள். வில்லை தெரிகிற பக்கமாகத் தகட்டைத் திருப்பி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. நடுப்பகுதியில் வளைவு உச்சியில் வைக்கும் ஆப்புக்கல் மாதிரி, மேலே அகன்று கீழே குறுகிய ஒரு கட்டம் தெரிந்தால் அது டிஸ்டனின் சின்னம், அதற்குள்ளோ பக்கத்திலோ டி-8 என்று இருந்தால் நான் சொன்னது ஊர்ஜிதம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

தகட்டைப் பலகை மேல் சமமாகப் படுக்க வைத்து, தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கத்தில் இருந்துகொண்டு தையல் எண்ணெய்க்கு உங்களுக்கு வழி சொல்ல வேண்டாம். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவே போதும், இப்போது ரேஷனில் எங்கே கிடைக்கிறது. அரை மணி ஊறிய பிறகு சவர பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துச் சுரண்டினால் துரு செதில் செதிலாக வரும், ஆச்சரியமாக இருக்கும். பிளேடு முனை தகட்டில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். அப்புறம் கார் பெயின்ட் அடிப்பவர்கள் போடுகிற 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றி, எண்ணெயோடு, நீளவாக்கில் மட்டும். விரலால் பிடித்துத் தேய்க்காதீர்கள், விரல் பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். தட்டைக் கட்டை மேட்டை மட்டும் தொடும், எழுத்து கருப்பாகவே நிற்கும். எழுத்துக்கு மேல் நாலு தடவை போதும், பளபளப்பு வரவில்லையே என்று இன்னும் நாலு போட்டீர்கள் என்றால் காசிமேட்டுக்காரர் ரம்பத்தின் கதைதான். சாதாரண உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் யாராவது புளி போட்டால் பித்தளை மின்னும் என்பார்கள். குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அந்தப் புளித் தண்ணீர் கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். எலுமிச்சம்பழம், வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எல்லாமே அமிலம்தான், எழுத்தை அரித்து உருவாக்கிய அதே அமிலச் சமாச்சாரம், சுற்றியிருக்கிற இரும்பையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்து எழுத்தை மறைத்துவிடும். கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் ஆளி விதை எண்ணெய் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், பிசுபிசுப்பேறி நாற்றம் அடிக்கும், கரப்பான்பூச்சி வரும். முடிந்ததும் தகட்டில் மெல்லிசாகத் தையல் எண்ணெய். மறுபடியும் கோணிப்பையில் சுற்றாதீர்கள், இத்தனை வருஷத் துருவுக்குப் பாதிக் காரணம் அந்தச் சணல்தான், கடல் காற்று ஈரத்தை வாங்கி வாங்கித் தகட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

விலை. டி-8 அபூர்வமானது இல்லை. டிஸ்டன் அதிகமாக விற்ற ரம்பங்களில் ஒன்று அது, அமெரிக்காவில் பழைய சாமான் சந்தைகளில் இன்றும் குவிந்து கிடக்கும். 25,000 என்று விலை போடுகிறவர்கள் போடலாம், வாங்கியவர் யார் என்று தம்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதற்காக 300-க்குக் கொடுப்பதும் அநியாயம், அவர் எடைக்கு விலை சொல்கிறார். என் கடைக்கு வந்தால் ரயில்வே எழுத்தையும் பார்த்து ஒரு 2,000 வரை கொடுப்பேன், அதில் எனக்கு லாபமும் இருக்கும் என்பதை மறைக்கவில்லை. விற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் அது உங்கள் வீட்டு விஷயம்.

தகட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் நுனியைப் பிடித்து மெதுவாக வில்லாக வளைத்து விடுங்கள். டங்கென்று நிமிர்ந்து பழைய நேர்கோட்டுக்கு வந்தால் நல்ல எஃகு, பதம் போகவில்லை. வளைவு அப்படியே நின்றுவிட்டால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. கைப்பிடியை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு முதுகில் விரல் கணுவால் தட்டினால் மணி மாதிரி ரீங்காரம் வரும், சின்னப் பசங்களுக்கு அதைக் காட்டுங்கள்.

மாமா வீட்டு ரம்பம். வாரன்டெட் சுப்பீரியர் என்பது கம்பெனியே இல்லை. "உயர்தரம், உத்தரவாதம்" என்று அர்த்தம், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டு நடு வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ கம்பெனிகள் அதே வில்லையை மொத்தமாக வாங்கிப் போட்டார்கள், பெரிய கம்பெனிகள்கூடத் தங்கள் பெயர் போட விரும்பாத விலை குறைந்த ரம்பத்தில் இதைத்தான் மாட்டினார்கள். வில்லையின் நடுவில் கழுகு இருந்தால் அமெரிக்கா பக்கம் பார்க்கலாம், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இங்கிலாந்து. தகட்டைத்தான் பார்க்க வேண்டும். பெயரை அச்சு வைத்து அடித்து ஆழமாக இறக்கியிருந்தால் பழைய முறை, அதன் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் வந்துவிடும், அமில எழுத்துக்கு இந்த வித்தை பலிக்காது. காஸ்ட் ஸ்டீல் என்று இருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கண்டுபிடித்த முறையில், மூசையில், அதாவது உலையில் வைக்கும் குடுவையில், உருக்கி ஊற்றிச் செய்த நல்ல எஃகு அது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அந்த வார்த்தையைப் பெருமையாகக் குத்தினார்கள், அதனால் அதை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது. "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

மாமாவிடம் சொல்லி இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள், ஒன்று கைப்பிடி முழுசாக, ஒன்று நுனி. கைப்பிடியின் வளைவில் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதே பாதி வயதைச் சொல்லிவிடும். கொம்பு மாதிரி மேலும் கீழும் நீண்ட முனைகள் மெல்லிசாக, பிடிக்கிற இடம் கையால் இழைத்து உருண்டையாக இருந்தால் பழசு. போகப் போக மெஷினில் வெட்டிய தடித்த பலகையாகிவிட்டது, அப்புறம் பிளாஸ்டிக். உங்கள் தாத்தாவின் ரம்பத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் அரம் போட வேண்டுமானால் கொண்டு வாருங்கள், பல்லை இடமும் வலமும் வளைத்து விடுவதை மட்டும் நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம், பழைய பல் ஒன்றிரண்டு உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.